கிளிஞ்சல் படகில் ஒரு கார்த்திகை

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். பேரப்பிள்ளைகளிடம் "நாங்க கொஞ்ச நாள் படகுலயே குடியிருந்தோம்" என்றால், "காஷ்மீர்லயா பாட்டி?" என்று கேட்கிறார்கள். காஷ்மீரும் இல்லை, கேரளாவும் இல்லை. நம் முத்துப்பேட்டைதான். இப்போது ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டி, இரண்டு மணி நேரத்தில் கரையில் இறக்கிவிடுகிறார்களே, அந்தக் காயல்தான். போன மாதம் மகளோடு நானும் சட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டு வந்தேன். படகோட்டிப் பையன் மைக்கில் பறவைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் பறவையைப் பார்க்கவில்லை. மேற்கு ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் காட்டுக்குள் திரும்புவதைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. காடு நிறைய வளர்ந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு மூன்று. தம்பியைப் பெற்ற நாற்பதாம் நாள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு அப்பாவும் நாங்களும் அத்தை வீட்டில் இருந்தோம். அத்தை அப்பாவுக்கு அக்கா. இரண்டு வருஷம் கழித்து அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்தி குடவாசல் பக்கத்தில் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். பத்து வயதிலிருந்து வயலில் நின்றவள். கல்யாணத்துக்கு முன்பு ஆறு, வாய்க்கால், குளம் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களிடம் அதிகம் பேசமாட்டாள். நாங்களும் பேசமாட்டோம். அம்மாவை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். சித்தியை 'நீங்க' என்று கூப்பிட்டேன். ஊரில் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தைக்கும் சித்திக்கும் ஒத்துப்போகவில்லை. குழம்பில் உப்பு, தம்பிக்குத் தலை துவட்டுவது, விளக்கில் எண்ணெய், எதைத் தொட்டாலும் பேச்சு வளர்ந்தது. அப்பா சண்டைக்கு நடுவில் நிற்கத் தெரியாத மனிதர். அவருக்குத் தெரிந்த தீர்வு, எல்லாரையும் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு போவதுதான்.

அப்பாவுக்குக் கிளிஞ்சல் அள்ளுகிற தொழில். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு அப்போது உண்டா? அந்தச் சுண்ணாம்பு, காயலின் அடியில் கிடக்கிற கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுப்பது. வழக்கமாக மார்கழி பிறந்தபிறகுதான் படகுகள் உள்ளே போகும். ஆண்கள் மட்டும் நாலைந்து நாள் தங்கி, அள்ளிக்கொண்டு திரும்புவார்கள். அப்பா அந்த வருஷம் கார்த்திகை முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு கிளம்பினார். அத்தையின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, கார்த்திகை கழியட்டும் என்று எவ்வளவோ சொன்னார். ஐப்பசியிலேயே எல்லா மழையும் கொட்டித் தீர்த்துவிட்டது, இனி வானத்தில் என்ன இருக்கிறது என்றார் அப்பா. இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் வானத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. அடுப்படியைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்.

அத்தை கரைவரைக்கும் வந்தாள். "வயக்காட்டுப் பொண்ணைக் கொண்டுபோய்த் தண்ணியில விடுறியேடா" என்று மட்டும் சொன்னாள். அதில் அக்கறை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

படகு பெரிதில்லை. மூன்று கயிற்றுக் கட்டிலை வரிசையாகப் போட்ட நீளம். நடுவில் கிளிஞ்சல் கொட்ட இடம். முன்பக்கம் மூங்கில் வளைத்துக் கீற்று வேய்ந்த ஒரு கூரை. அதன் கீழே நாங்கள் நாலு பேர், ஒரு தகரப் பெட்டி, இரண்டு தண்ணீர்ப் பானை, ஒரு அரிசிச் சட்டி. பின்பக்கம் ஒரு பழைய தகரத்தில் மணலை நிரப்பி, அதன்மேல் மண் அடுப்பு. மணல் இல்லாவிட்டால் அடுப்புச் சூட்டில் பலகை கருகிவிடும். என் சிலேட்டை அந்தக் கூரையின் மூங்கிலில் செருகி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் சிலேட்டுப் பக்கத்தில் இருந்தால் படிக்கிற மாதிரி என்று எனக்கு ஒரு கணக்கு.

அந்தப் பத்து நாளை நான் எப்படிச் சொல்வது? காலையில் கண் விழித்தால் கூரையின் உட்புறம் முழுக்கத் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும். தம்பி படுத்தபடியே அதைப் பிடிக்கக் கையை நீட்டுவான். கூழைக்கடாப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்து கிழவர்களைப் போல ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கும். சிறிய மீன் துள்ளி, சில சமயம் நேராகப் படகுக்குள்ளேயே விழும். அதை எடுத்துக் குழம்பில் போட்டுவிடுவோம். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவிக் கிளிஞ்சல் இருக்கும் இடம் கண்டுபிடித்து, முங்கிக் கூடையால் அள்ளி, தண்ணீரிலேயே அலசி, படகில் கொட்டுவார். சரசரவென்று கொட்டும் அந்தச் சத்தம் நிறையச் சில்லறையைத் தரையில் கொட்டின மாதிரி இருக்கும். வெயிலில் காயக் காய ஒரு வாடை வரும். கரையில் இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்த வாடை இப்போது எங்காவது வந்தால், நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

நான் முதல் வாரத்திலேயே படகுக்காரி ஆகிவிட்டேன். கோல் ஊன்றப் பழகினேன். எங்கே சேறு, எங்கே மணல் என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சித்திதான் பழகவேயில்லை. முதல் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகும் எழுந்து நிற்க வேண்டுமென்றால் கூரையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். தம்பியின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகின் குறுக்குக் கட்டையில் முடிந்து வைத்தாள். எங்களைப் போலவே முன்னதாக வந்திருந்த பக்கத்துப் படகுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஆட்டுக்குட்டியா வளர்க்கிறீங்க என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சித்தி அவிழ்க்கவில்லை.

தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் அம்மாவின் கூறைப்புடவை இருந்தது. அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. அத்தை வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. அப்பாவும் மறுக்கவில்லை. பூச்சி வராமல் இருக்க உள்ளே வசம்பு போட்டு வைத்திருந்தோம். யாரும் பார்க்காதபோது பெட்டியைத் திறந்து முகத்தை உள்ளே விடுவேன். வசம்பு வாடைதான் வரும். அதற்கு அடியில் அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை நிமிர்ந்தபோது சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி அடுப்பை ஊதினாள்.

பதினோராவது நாள் விடியும்போது குடிதண்ணீர் தீரப்போகிறது என்று தெரிந்தது. பக்கத்துப் படகு நிறைந்திருந்தது, அது கரைக்குக் கிளம்பியது. தண்ணீரும் அரிசியும் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அப்பா அதில் ஏறிக்கொண்டார். எங்கள் படகிலும் முக்கால்வாசி கிளிஞ்சல் இருந்தது. நங்கூரக் கல்லை அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வானம் அப்போது பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தது. காற்றே இல்லை. கூழைக்கடாக்களைக் காணவில்லை. அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

உலை கொதிக்கிற நேரத்தில் காற்று வந்தது. முதலில் வடக்கே மரங்கள் மட்டும் வெளுத்தன, இலைகள் எல்லாம் அடிப்பக்கம் திரும்பிக்கொண்டதால். பிறகு தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கோடு எங்களை நோக்கி ஓடி வந்தது. அது வந்து சேர்ந்ததும் அடுப்பு அணைந்தது. சோற்றுப் பானை உருண்டது. அடுத்த அடியில் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. என் சிலேட்டும், காயப் போட்டிருந்த சித்தியின் மாற்றுப் புடவையும் அதோடு போயின. மழை மேலிருந்து பெய்யவில்லை, பக்கவாட்டில் அடித்தது. கண்ணைத் திறந்தால் மணல் அள்ளி எறிந்த மாதிரி இருந்தது.

நங்கூரக் கயிறு விறைத்து நின்றது. ஒரு முறை முனகியது, பிறகு படகின் ஓரத்திலேயே அறுந்துவிட்டது. ஒரு முழம்கூட எங்கள் பக்கம் மிஞ்சவில்லை. படகு தெற்கே நகரத் தொடங்கியது.

தெற்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கேதான் முகத்துவாரம். அதைத் தாண்டினால் கடல்.

நான் கோலை எடுத்தேன். அப்பா செய்வதைப் போல ஊன்றினேன். கோல் சேற்றில் ஆழமாக இறங்கியது, படகு நகர்ந்தது, கோல் அங்கேயே நின்றுவிட்டது. என் கையில் ஒன்றுமில்லை. பின்னால் போய்க்கொண்டே சின்னதாகிற அந்த மூங்கிலைப் பார்த்து அழுதேன். சித்தி தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தாள். இவள் எதற்கும் ஆகமாட்டாள், அப்பா எப்போது வருவார் என்று நினைத்தேன். அப்பா அந்த நேரம் கரையில், நாலு பேர் பிடித்து நிறுத்த, தண்ணீருக்குள் ஓடப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அது பிறகு கேள்விப்பட்டது.

சித்தி தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள். "இங்க எவ்வளவு ஆழம்?"

அப்பாவுக்குக் கழுத்துவரை என்றேன்.

"அடியில மணலா, சேறா?"

"சேறு. உளைச்சேறு. ஆள் உள்ள போயிடும்."

"சேறுன்னா சரி" என்றாள்.

எழுந்து நின்றாள். மூங்கில் ஒன்றும் மிச்சமில்லை பிடித்துக்கொள்ள. பிடிக்காமல்தான் நின்றாள். தம்பியின் கயிற்றை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்து, நடவுக்கு இறங்குகிறவர்களைப் போலச் செருகினாள். பிறகு சுற்றிலும் பார்த்து, இழுக்கக் கயிறு வேண்டும் என்றாள். தம்பியுடையது இழுக்கிற அளவுக்கு நீளமில்லை, வேறு கயிறு இல்லை. அவள் கண் பெட்டியின் மேல் நின்றது.

"கூறையை எடு."

"அது எங்கம்மாவோடது."

"தெரியும். எடு."

நான் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். இப்படித்தான் நடந்தது, இதை நான் அழகுபடுத்திச் சொல்லப் போவதில்லை. படகு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, என் இடுப்பில் தம்பி கட்டியிருக்கிறான், நான் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். சித்தி என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி அப்பால் வைத்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பெட்டியைத் திறந்து, புடவையை உதறி, முறுக்கினாள். ஒரு முனையைப் படகின் முன்பக்கக் கட்டையில் கட்டினாள். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தண்ணீரில் இறங்கினாள்.

தண்ணீர் அவளுக்கு மார்புவரை வந்தது. வடக்கிலிருந்து அடித்த காற்று காயல் தண்ணீரையே கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது, அதனால் ஆழம் குறைந்திருக்கிறது. அது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் காலுக்கு அடியில் அதே சேறு. அப்பாவே அந்தச் சேற்றில் நடக்கமாட்டார், படகைப் பிடித்துக்கொண்டு நீந்துவார். சித்தி நடந்தாள். காலை நேராகத் தூக்கவில்லை. குதிகாலைத் திருகி, பக்கவாட்டில் உருவி, பின்னால் வைத்தாள். ஆமாம், பின்னால். நடவு நடுகிறவர்கள் முன்னே போவதில்லையே. நட்ட நாற்று கண்ணுக்கு எதிரே இருக்க, பின்னோக்கித்தானே போவார்கள். சித்தி எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, படகை இழுத்தாள்.

மேற்கு ஓரத்தில் காட்டுக்குள் திரும்புகிற ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. கையைக் காட்டி அதைத்தான் எனக்குச் சுட்டினாள். காற்று எங்களைத் தெற்கே தள்ள, அவள் மேற்கே இழுக்க, படகு குறுக்காக நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதே அதிகம்.

"கிளிஞ்சலைக் கொட்டு" என்று கத்தினாள்.

நான் கூடையால் அள்ளிக் கொட்டினேன். அப்பா பத்து நாள் முங்கி முங்கி எடுத்தது. கூடையில் வராததைக் கையால் தள்ளினேன். தம்பியும் ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தான். அவனுக்கு அது விளையாட்டு. படகு லேசாக ஆக, சித்தியின் கால் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அலை கொஞ்சம் அடங்கினபோது காதில் விழுந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து.

எத்தனை நூறு என்று தெரியாது. நாலு வயல் தூரம் இருக்கும். அவ்வளவு நேரமும் அவள் முகம் எனக்கு எதிரே இருந்தது. ஒருமுறை அலை அவளை மூடியது. முகம் காணாமல் போனது, புடவை மட்டும் தண்ணீருக்குள் இறுக்கமாக நீண்டிருந்தது. பிறகு தலைமுடி முழுக்க முகத்தில் ஒட்டியபடி மேலே வந்து, விட்ட எண்ணிலிருந்து எண்ணினாள்.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் யாரோ கதவைச் சாத்தின மாதிரி காற்று நின்றது. மேலே மரங்கள் தலைவிரித்து ஆடின, கீழே தண்ணீர் சும்மா நடுங்கியது. அலையாத்தி மரங்கள் இரண்டு அடுத்தடுத்து நின்றன. சித்தி புடவையை இரண்டிலும் சுற்றிக் கட்டினாள். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மரத்தின் வேர்களையும், உடைந்த கிளிஞ்சலையும் மிதித்துத்தான் வந்திருக்கிறாள். படகில் ஏறியபோது இரண்டு பாதமும் கிழிந்திருந்தது. வலது பாதத்தில் ஒரு வெட்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். நான் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. முறுக்கிக் கிடந்த அம்மாவின் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடித்தது. கடல் உள்ளே வந்தது. படகு மரக்கிளைகளின் உயரத்துக்கு எழும்பியது. புடவை ஒரு பக்கம் கிழிந்தது, ஆனால் விடவில்லை. நனைந்த அரிசியைப் பச்சையாக மென்றோம். சித்தி எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் அணைத்து வைத்துக்கொண்டாள். குளிர் தாங்காமல் நான் ஒட்டிக்கொண்டேன். குளிர் போனதும் நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவும் பக்கத்துப் படகுக்காரரும் வந்தார்கள். அவர்கள் முதலில் முகத்துவாரத்துக்குப் போய்த்தான் தேடியிருக்கிறார்கள். அங்கே எங்கள் கூரையின் மூங்கில் ஒன்று கிடந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அப்பா படகிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எங்களை வாய்க்காலில் கண்டதும் தம்பியைத் தூக்கி முகத்தை அவன் வயிற்றில் வைத்துக்கொண்டார். பிறகு என்னை. அதன் பிறகுதான் மரத்தில் கட்டியிருந்ததைப் பார்த்தார். சேறு அப்பி, பாதி கிழிந்து, நிறம் தெரியாமல் கிடந்தது.

"இதை யாரு எடுத்தது?"

சித்தி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். கிளிஞ்சல் எங்கே என்று கேட்டார். கொட்டிவிட்டதாகச் சொன்னாள். பயத்தில் கொட்டிவிட்டாயா என்றார் அப்பா. அவர் என்னிடம் திரும்பி, படகு எப்படி இங்கே வந்தது என்று கேட்டார்.

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி என்னைப் பார்த்தாள்.

"காத்து தள்ளிக்கிட்டு வந்துச்சு" என்றேன்.

அப்பா தலையாட்டினார். பக்கத்துப் படகுக்காரர் வேளாங்கண்ணி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடும், நாகூர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். எல்லாச் சாமியும் சேர்ந்து காப்பாற்றியது என்றார். அதுவே ஊரில் பேச்சாகிவிட்டது. வயக்காட்டுப் பெண் பயந்துபோய்ப் பத்து நாள் உழைப்பைத் தண்ணீரில் கொட்டினாள், செத்தவளின் கூறையைக் கிழித்தாள், சாமி புண்ணியத்தில் காற்று படகைக் காட்டுக்குள் ஒதுக்கிவிட்டது. அத்தை இதை எத்தனை பேரிடம் சொன்னாளோ. சித்தி இரண்டு மாதம் நொண்டி நடந்தாள். அதையும் வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்றார்கள்.

இந்த வயதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வாடைக்காற்று படகைத் தெற்கேதான் தள்ளும். அந்த வாய்க்கால் இருந்ததோ மேற்கே. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடந்த மனிதருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதை ஏன் அப்படியே எடுத்துக்கொண்டார்? அவர் கேட்டிருந்தால், கார்த்திகையில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனது யார், விட்டுவிட்டுக் கரைக்குப் போனது யார் என்ற கேள்விகளும் கூடவே வந்திருக்கும். நான் அவருக்குச் சுலபமான ஒரு வழியைக் காட்டினேன். அவர் அதில் நடந்துபோனார். நல்ல மனிதர்தான். பத்து வருஷத்துக்குப் பிறகு சாகும்வரை சித்தியை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நன்றாகப் பேசியதும் அதிகமில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் படகில் தங்கவேயில்லை. சித்தி பக்கத்து ஊர்களுக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். பத்தாவதோடு என்னை நிறுத்திவிடலாம் என்று அத்தை சொன்னபோது, அவள் படிக்கட்டும் என்று சித்திதான் அப்பாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் அவள் கேட்டு வாங்கிய ஒன்று அதுதான் என்று நினைக்கிறேன். நர்ஸ் படிப்பு முடித்து அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ பேரின் காலைத் தொட்டுக் கட்டுப் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சித்திக்குப் புடவை எடுத்துக்கொண்டு போவேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடியதில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் தென்னை மரங்களை எல்லாம் சாய்த்த ஒரு புயல் வந்ததே, அதற்கு மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனேன். கூரைத் தகரம் பறந்துவிட்டது. வாசலில் பாய் விரித்து நனைந்த நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் பயம் தெளிந்து புயல் கதை கேட்டார்கள். தம்பி, "எனக்கு மூணு வயசுல இதைவிடப் பெருசு ஒண்ணு. படகு தானா காட்டுக்குள்ள போய் நின்னுச்சு" என்று ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

சித்தி கையில் கோழி விரட்டும் குச்சியோடு நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். எண்பது நெருங்கிவிட்டது. முதுகு வளைந்துவிட்டது.

"தானா போகல" என்றேன் பிள்ளைகளிடம். "உங்க அப்பத்தாதான் இழுத்துக்கிட்டுப் போனாங்க. தண்ணியில இறங்கி, சேத்துல நடந்து."

முழுவதையும் சொன்னேன். கூறையை, பெட்டியின் மேல் நான் உட்கார்ந்ததை, நூறு நூறாக எண்ணியதை, அப்பாவிடம் நான் சொன்ன பொய்யை. தம்பி எழுந்து உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சித்தியின் கையிலிருந்த குச்சியை வாங்கி, தானே நெல்லைக் கிளறினான். பிள்ளைகள் சித்தியைச் சூழ்ந்துகொண்டு, நிஜமா, எப்படி நடந்தீங்க, நடந்து காட்டுங்க என்று பிடுங்கி எடுத்தார்கள். சித்தி வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் எல்லாரும் தகரம் தேடப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நெல்லுக்குக் காவல் இருந்தோம். கோழியை விரட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், தானாகவே கேட்டாள்.

"அன்னைக்கு உங்கப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

இத்தனை வருஷம் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சின்னப் பிள்ளை, பயம், அம்மாவின் நினைப்பு என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"அப்ப உங்களை எனக்குப் பிடிக்காது சித்தி."

அவள் யோசித்தாள். கோபம் இல்லை. ஏதோ ஒரு பழைய சந்தேகம் தீர்ந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

"எனக்கும் அப்ப உன்னைப் பிடிக்காதுதான்" என்றாள். "அதுக்காக விட்டுட முடியுமா?"

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.